கர்ணன் பெண்டாட்டி பேர் என்ன?

பொம்மிடி ஸ்டேஷனில் ரயில் நிற்பது ஒன்றிரண்டு நிமிஷம். பெட்டியை இறக்கி, ஒரு காலில் மட்டும் மாட்டியிருந்த செருப்போடு நிமிர்ந்து பார்ப்பதற்குள் வண்டி சேலத்தைப் பார்த்து நகர ஆரம்பித்துவிட்டது. எதிரே அக்கா மகள். 'சௌக்கியமா மாமா, சாப்பிட்டீங்களா' எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பிலேயே, "மாமா, கர்ணனோட பெண்டாட்டி பேர் என்ன?"

"சுபாங்கி" என்றேன். என் தலைமுறைக்கு அதுதான் பதில். 1964ல் பந்துலு எடுத்த 'கர்ணன்'. சிவாஜி கர்ணன், தேவிகா சுபாங்கி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"தப்பு."

"அப்ப பொன்னுருவி." இது சின்ன வயதில் கூத்தில் பார்த்தது.

"அதுவும் தப்பு. விருஷாலின்னு ஒரு பேர் சுத்துது, அதுவும் வியாசர் சொன்னதில்ல. அவர் பேரே வைக்கல மாமா."

பெண் சொன்னது சரிதான். உத்யோக பர்வத்தில், கிருஷ்ணன் வந்து 'நீ குந்தியின் மகன், இந்தப் பக்கம் வந்துவிடு' என்று கூப்பிடும்போது கர்ணனே சொல்கிறான்: என்னை வளர்த்த அதிரதன்தான் எனக்குக் கல்யாணம் செய்துவைத்தான், பிள்ளைகளும் பேரன்களும் பிறந்துவிட்டார்கள், இனி அந்த உறவை எப்படி விடுவேன் என்று. மனைவி உண்டு. அந்த இடத்தில் பெயர் இல்லை. விருஷாலி என்ற பெயரை ஊர் முழுக்கப் பரப்பியது மராத்தியில் சிவாஜி சாவந்த் 1967ல் எழுதிய 'ம்ருத்யுஞ்ஜய்' நாவல்.

அக்கா மகள் இன்ஜினீயரிங் மூன்றாம் வருஷம். படிப்பு போக மிச்ச நேரத்தில் இன்டர்நெட்டில் ஒரு மகாபாரத விக்கியில் வேலை பார்க்கிறாள். சம்பளம் கிடையாது. விக்கி என்றால் தெரியாதவர்களுக்கு: யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம், சண்டை வந்தால் மூத்த ஆசாமிகள் பஞ்சாயத்துப் பண்ணுவார்கள். நம் ஊர் பொதுக்கிணறு மாதிரி. ரசிகர்கள் தங்களுக்குப் பிடித்த கதைக்காகத் தாங்களே வெட்டிக்கொண்ட கிணறு.

இந்தக் கிணற்றில் மூன்று நாளைக்கு முன் அவள் பொன்னுருவி பக்கத்தை மொத்தமாகத் தூக்கிவிட்டாள். காரணம் என்ற கட்டத்தில் எழுதியது: 'மூலத்தில் இல்லை. ரசிகர் கற்பனை.'

ஆட்டோவில் போகும்போது இதைப் பெருமையாகத்தான் சொன்னாள். வீட்டுக்குப் போனால் அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இவ ஏதோ அழிச்சிட்டாளாம்டா. எதிர்வீட்டு வாத்தியார் காதுல போட்டுறாத" என்றாள். எதிர்வீட்டு வாத்தியார் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. கூத்து வாத்தியார். நாற்பது வருஷம் ஸ்திரீ வேஷம் கட்டியவர். அவர் கட்டிய வேஷங்களில் பேர் வாங்கியது பொன்னுருவி.

அன்றைக்கு ராத்திரி பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் 'கர்ண மோட்சம்'. நான் வந்ததே அதற்குத்தான்.

*

முதலில் இந்த 'மூலத்தில் இல்லை' விவகாரத்தைப் பார்த்துவிடுவோம். இது நம் ஊர்ப் பிரச்னை மட்டும் இல்லை.

'ஸ்டார் ட்ரெக்' என்று 1966ல் அமெரிக்க டி.வி.யில் ஆரம்பித்த விண்வெளித் தொடர் இருக்கிறதே, அதற்கு ரசிகர்கள் கட்டியிருப்பது மூன்று மாடிக் கட்டடம். 'மெமரி ஆல்ஃபா' என்று 2003ல் தொடங்கிய விக்கி. இதில் திரையில் வந்தது மட்டும்தான் கதை. அதே கம்பெனி அனுமதி கொடுத்து எழுதவைத்த நாவல், காமிக்ஸ் எல்லாம் 'மெமரி பீட்டா' என்ற இன்னொரு விக்கிக்குப் போகும். ரசிகர்கள் தாங்களாக எழுதிய கதைகளுக்கு 'மெமரி காமா' என்று தனி வீடு. ஆல்ஃபாக்காரர் வீட்டுக்குள் பீட்டாக்காரர் வரக்கூடாது என்றில்லை. வாசல் திண்ணையில் உட்காரலாம். அதாவது கட்டுரைக்குக் கீழே, தனிக் குறிப்பாக.

இந்தத் தொடரில் உஹுரா என்று ஒரு பெண் அதிகாரி. நிஷெல் நிக்கல்ஸ் நடித்தது. பழைய தொடர் முழுக்க அவளுக்கு உஹுரா மட்டும்தான். முதல் பெயர் கிடையாது. 1982ல் வில்லியம் ராட்ஸ்லர் என்பவர் ஒரு துணைப் புத்தகம் எழுதும்போது 'நியோட்டா' என்று வைத்தார். ரசிகர்களுக்குப் பிடித்துப்போயிற்று. திரையில் யாரும் சொல்லவில்லை, ஆனால் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். 27 வருஷம் கழித்து, 2009ல் வந்த சினிமாவில் ஒருவர் வாய்விட்டு 'நியோட்டா' என்கிறார். அந்த நிமிஷம் பெயர் அதிகாரபூர்வமாகிவிட்டது. அதே பெயர், அதே பெண். நேற்று வரை திண்ணை, இன்று கூடம்.

'ஸ்டார் வார்ஸ்' கதை தலைகீழ். டிஸ்னி கைக்கு வந்த பிறகு, 2014 ஏப்ரலில் லூக்காஸ்ஃபிலிம் ஒரே அறிக்கையில் அதுவரை வந்த நாவல்களையும் காமிக்ஸ்களையும் 'லெஜண்ட்ஸ்' என்று ஒதுக்கி வைத்தது. லைசென்ஸ் கொடுத்து அவர்களே எழுதவைத்தவைதான் அதெல்லாம். 'வூக்கிபீடியா' ரசிகர்கள் என்ன செய்தார்கள்? அழிக்கவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு பக்கம் வைத்து, மேலே இரண்டு தாவல் போட்டுவிட்டார்கள்: ஒன்று அதிகாரபூர்வம், இன்னொன்று லெஜண்ட்ஸ். டிமோதி ஸான் 1991ல் ஒரு நாவலில் படைத்த த்ரான் என்ற வில்லன் இப்படி ஓரங்கட்டப்பட்டு, 2016ல் 'ரெபெல்ஸ்' கார்ட்டூன் தொடர் வழியாக மறுபடி உள்ளே வந்தான். அன்றைக்குப் பக்கத்தை அழித்திருந்தால் 2016ல் அசடு வழிந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. அங்கெல்லாம் சொத்துக்குச் சொந்தக்காரன் இருக்கிறான். எது உள்ளே, எது வெளியே என்று அறிக்கை விட ஒரு கம்பெனி இருக்கிறது. மகாபாரதத்துக்கு யார் அறிக்கை விடுவது?

அக்கா மகளிடம் கேட்டேன். "பூனா எடிஷன்" என்றாள்.

*

பூனா பண்டார்க்கர் நிறுவனத்தின் மகாபாரதப் பதிப்பு சாதாரணக் காரியம் இல்லை. 1919ல் தொடங்கி 1966ல் முடித்தார்கள். 1,259 கையெழுத்துப் பிரதிகளைத் திரட்டி, ஒப்பிட்டு, எல்லாவற்றுக்கும் பொதுவாக இருக்கிற பழைய பாடம் எது என்று தேடினார்கள். இந்த வேலைக்கு வழி போட்டவர் வி.எஸ். சுக்தங்கர், 1943ல் காலமாகும்வரை அதிலேயே கிடந்தார். சலித்து எடுத்ததில் ரொம்பப் பழகிய சமாசாரங்கள் எல்லாம் வெளியே போயின. வியாசர் சொல்லச் சொல்லப் பிள்ளையார் எழுதினார் என்பது பிற்சேர்க்கைக்குப் போய்விட்டது. துரியோதனன் தண்ணீரில் வழுக்கி விழுந்தபோது திரௌபதி 'குருடன் மகன் குருடன்' என்று ஏளனம் பண்ணியது காணோம். கூந்தலை முடிய மாட்டேன் என்று அவள் சபையில் போட்ட சபதமும் இல்லை. அங்கே சபதம் போடுவது பீமன்தான்.

இதை வைத்துக்கொண்டு இப்போது ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. எதைச் சொன்னாலும் 'கிரிட்டிக்கல் எடிஷன்ல இல்லை'. தடி எடுத்து அடிக்கிற மாதிரி. அவர்களில் பாதிப் பேர் அந்தப் பதிப்பைத் திறந்து பார்த்திருந்தால் ஒன்று தெரிந்திருக்கும். சுக்தங்கர் எதையும் குப்பையில் போடவில்லை. ஒதுக்கிய ஒவ்வொரு சுலோகமும் பக்கத்தின் அடியிலோ பின்னிணைப்பிலோ நம்பர் போட்டு இருக்கிறது, எந்தப் பிரதியில் இருந்தது என்ற விவரத்தோடு. அச்சில் பல பக்கங்களில் மேலே நாலு வரி சுலோகம், கீழே பொடி எழுத்தில் அதைவிட நீளமாகக் குறிப்பு. அந்தப் பொடி எழுத்தும் சேர்ந்ததுதான் பூனா பதிப்பு.

*

ராத்திரி பத்து மணிக்குப் போனோம். பந்தலில் பகல் முழுக்க பாரதம் படித்த களை. தெரியாதவர்களுக்காக: தர்மபுரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கமெல்லாம் திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து. பகலில் வில்லிபுத்தூரார் பாரதத்தைப் பாட்டுப் பாட்டாகப் படித்து ஒருவர் விளக்கம் சொல்வார். அவருக்குப் பெயரே பாரதியார். (எட்டயபுரத்தாருக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை.) செஞ்சி வட்டாரத்தில் இதையெல்லாம் வருஷக்கணக்கில் சுற்றிச் சுற்றிப் பார்த்து ஆல்ஃப் ஹில்ட்பைட்டல் என்ற அமெரிக்கப் பேராசிரியர் இரண்டு பெரிய தொகுதி எழுதியிருக்கிறார், முதலாவது 1988ல் வந்தது.

கூத்து ஆரம்பிக்க நேரம் இருந்தது. பாரதியார் ஒரு ஓரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அக்கா மகள் விடுவாளா? நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"ஐயா, வில்லி பாரதத்துல பொன்னுருவி உண்டுங்களா?"

அவர் டம்ளரைக்கூட இறக்கவில்லை. "அது ராத்திரிக் கதைம்மா" என்றார்.

அவ்வளவுதான். திட்டவில்லை, சிரிக்கவில்லை. தன் கதை பகல் கதை, அது ராத்திரிக் கதை. இரண்டும் ஒரே பந்தல், ஒரே அம்மன், காப்புக் கட்டியவர்களும் ஒருத்தர்தான். எது எந்த நேரத்துக்கு என்பது அங்கே உட்கார்ந்திருந்த பாட்டிக்குக்கூடத் தெரியும். மெமரி ஆல்ஃபா, மெமரி பீட்டா என்று அமெரிக்காவில் மண்டையை உடைத்துக்கொண்டு செய்த ஏற்பாட்டை இங்கே சூரியனை வைத்து முடித்துவிட்டார்கள்.

கூத்தில் பொன்னுருவி வந்தாள். வேஷம் கட்டியது வாத்தியாரின் சிஷ்யப் பையன். கதை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கலாம். பொன்னுருவி ராஜா மகள். தேரோட்டி வீட்டில் வளர்ந்தவனுக்குத் தன்னைக் கட்டிவைத்துவிட்டார்கள் என்று அவளுக்கு ஆங்காரம். கர்ணனை மதிப்பதே இல்லை. பதினேழாம் நாள் போருக்குப் போகும் முன் அவன் விடைகேட்டு வருகிறான். அவன் பிறப்பு இன்னதென்று தெரிந்து அவள் மனசு மாறுகிற நேரத்தில், சாவுக்குப் போகிறவனை நிறுத்த முடியவில்லை.

நாடு, ஜாதி, கவச குண்டலம் என்று கர்ணனைச் சபை அவமானப்படுத்தியதை வியாசர் எழுதியிருக்கிறார். அந்த அவமானம் வீட்டுக்குள்ளும் நுழைந்திருக்கும், சோறு போடுகிற கையிலும் தெரிந்திருக்கும் என்று எழுதியது பெயர் தெரியாத எங்கள் பக்கத்துக் கூத்துக்காரன். கர்ணனை இதைவிட நன்றாகப் புரிந்துகொண்ட ஒரு இடம் நவீன நாவல்களில் எத்தனை தேறும் என்று தெரியவில்லை. இதைத்தான் என் மருமகள் 'ரசிகர் கற்பனை' என்று ஒரு பொத்தானை அழுத்தித் தள்ளியிருக்கிறாள்.

விடியற்காலையில் அவளும் மூக்கை உறிஞ்சிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தாள். நான் ஒன்றும் கேட்கவில்லை.

*

அதற்காக நான் கூத்துக் கட்சி, விக்கி ஒழிக என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். எதிர்ப்பக்கத் தப்பு இதைவிடப் பெரிசு.

அல்லி அரசாணி மாலை, பவளக்கொடி மாலை, புலந்திரன் களவு என்று 'பெரிய எழுத்து' புத்தகங்கள் திருவிழாக் கடைகளில் கிடைக்கும். ஒரு காலத்தில் இரத்தின நாயகர் அண்ட் சன்ஸ் போன்றவர்கள் அச்சடித்துத் தள்ளியவை. ஆம்பிளைகளை அடக்கி மதுரையை ஆண்ட அல்லியை அர்ஜுனன் தந்திரமாகக் கல்யாணம் பண்ணிக்கொண்ட கதை வியாசரில் கிடையாது. வித்து மட்டும் உண்டு: சித்ராங்கதை. வில்லியே அவளைப் பாண்டியன் மகளாக்கிவிட்டார். பிறகு வந்தவர்கள் அவளுக்கு வாளும் சிம்மாசனமும் கொடுத்தார்கள். சந்தோஷம். ஆனால் அட்டையில் என்ன போட்டிருக்கும்? 'புகழேந்திப் புலவர் இயற்றியது.' நளவெண்பா பாடிய புகழேந்தி எங்கே, இந்த நடை எங்கே! நூற்றாண்டுகள் தள்ளி வந்த சரக்குக்குப் பெரிய மனுஷன் பேரை ஒட்டிவிட்டார்கள். எழுதியவன் யார் என்பது அதோடு போச்சு. அல்லிக்கு உயிர் கொடுத்தவனுக்கே பெயர் இல்லாமல் பண்ணியது இந்த ஒட்டு வேலைதான்.

இன்றைக்கு வாட்ஸப்பில் வருகிற 'கிருஷ்ணர் சொன்னார்' எல்லாம் இதே வம்சம். கலந்து கட்டி அடிப்பது. எல்லாமே வியாசர் என்கிறவனும், வியாசர் தவிர எல்லாம் குப்பை என்கிறவனும் ஒரே வேலையைத்தான் செய்கிறார்கள். நடுவில் எழுதிய அத்தனை பேரையும் காணாமல் அடிக்கிறார்கள்.

நம் பதிப்பாசிரியர்கள் இதற்கு வழி கண்டுபிடித்து எத்தனையோ காலம் ஆயிற்று. கம்பராமாயணத்தில் பின்னால் வந்தவர்கள் பாட்டுக் கட்டி நுழைத்தது ஏராளம். வெள்ளியம்பலத் தம்பிரான் என்பவர் தலையில் அந்தப் பழியைப் போட்டு, 'வெள்ளி பாடல்' என்று சொல்வதுண்டு. சென்னைக் கம்பன் கழகமோ கோவை கம்பன் அறநிலையமோ போட்ட பதிப்பை எடுத்துப் பாருங்கள். சந்தேகப் பாட்டுகளை 'மிகைப் பாடல்கள்' என்று தனித் தலைப்பில் கொடுத்திருப்பார்கள். என்ன அழகான சொல்! போலி என்று சொல்லவில்லை, கள்ளப் பாட்டு என்று சொல்லவில்லை. மிகை. கொஞ்சம் கூடிவிட்டது, அவ்வளவுதான். வேண்டுமானால் படியுங்கள், கம்பன் என்று நினைத்துக்கொண்டு படிக்காதீர்கள்.

இதற்கு நேர் எதிராக ஒருவர் இருந்தார். டி.கே.சி. தனக்குக் கம்பன் வாக்கு என்று படாத பாட்டுகளைத் தயங்காமல் தள்ளினார், பிடிக்காத சொல்லை மாற்றினார், 'கம்பர் தரும் ராமாயணம்' என்று போட்டார். ஏட்டில் என்ன இருக்கிறது என்பதைவிடத் தன் காது என்ன சொல்கிறது என்பதே அவருக்குச் சாட்சி. அவரால் கம்பனிடம் போய்ச் சேர்ந்தவர்கள் ஆயிரக்கணக்கு. அவருடைய பாடத்தைப் பதிப்பு அறிஞர்கள் ஏற்கவில்லை. அவருக்கு ஊர் கொடுத்த பட்டத்தைக் கவனியுங்கள்: ரசிகமணி. ரசிகரே மூலத்தைத் தீர்மானித்தால் என்ன ஆகும் என்பதற்கு நம்மிடம் விக்கிக்கு முன்னாலேயே உதாரணம் இருக்கிறது.

அட, கம்பனே யார்? இரணியன் வதைப் படலம் வால்மீகியில் இல்லை. வில்லை ஒடிப்பதற்கு முன்னால் மிதிலைத் தெருவில் ராமனும் சீதையும் கண்ணும் கண்ணும் பார்த்துக்கொள்வதும் இல்லை. வால்மீகி விக்கி என்று ஒன்று இருந்து, அதற்கு என் மருமகள் மாதிரி ஒரு கண்டிப்பான பெண் காவல் இருந்திருந்தால், 'ரசிகர் கற்பனை' என்று கம்பன் மொத்தமும் போயிருக்கும்.

நல்லாப்பிள்ளை இன்னும் வேடிக்கை. வில்லி பாரதம் சுமார் 4,300 பாட்டோடு, பத்துப் பர்வத்தில் நின்றுவிட்டது. பதினெட்டாம் நூற்றாண்டில் நல்லாப்பிள்ளை அதையே அடிப்படையாக வைத்து, வில்லியின் பாட்டுகளையும் உள்ளே வைத்துக்கொண்டு, பதினெட்டுப் பர்வத்துக்கும் பாடி 14,000க்கு மேல் கொண்டுபோனார். முன்னவர் எழுதியதை அழிக்காமல் அதன் மேலேயே சேர்த்துக்கொண்டு போவதற்கு இன்றைக்குப் பெயர் விக்கி.

அரவானையும் சொல்லிவிடுகிறேன். வியாசரில் அவன் எட்டாம் நாள் சண்டையில் அலம்புசன் கையால் சாகிறான். தமிழில் போருக்கு முன்பே களப்பலி. பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே, ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. பலியும் கொடுத்தாயிற்று, எட்டாம் நாளும் சாக வேண்டுமே? போரைச் சில நாள் பார்க்க அவனுக்கு ஒரு வரம் கொடுத்து முடிச்சை அவிழ்த்தார்கள். மூலத்தையும் விடாமல், சேர்த்ததையும் விடாமல். ஹாலிவுட்டில் இதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

*

மறுநாள் மத்தியானம் வாத்தியாருக்கு விஷயம் தெரிந்துவிட்டது. சொன்னது அக்கா மகளே. எதிர்வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, "தாத்தா, நான் பொன்னுருவியை எடுத்துட்டேன்" என்றாள். அவருக்கு எதிலிருந்து எடுத்தாள் என்று புரியவே கால்மணி நேரம் ஆயிற்று. புரிந்ததும் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"வியாசர்ல இல்லதாம்மா. யாரு இருக்குன்னா?" என்றார். "ஆனா நேத்து அந்தப் பய நடுவுல ஒரு சினிமாப் பாட்டு மெட்டைச் சொருவினான் பாரு, அது எங்க வாத்தியார் பாடத்துல இல்ல. அதை முதல்ல எடு."

மூலம், மிகை என்கிற கணக்கு அவரிடமும் இருந்தது. நம்மைவிடக் கறாராக. அவருக்கு மூலம் அவருடைய வாத்தியார் சொல்லிக்கொடுத்த பாடம். ஒவ்வொரு ஜமாவுக்கும் பாடம் வேறு. பொன்னுருவி மனசு மாறுகிற இடம்கூட வேறு என்றார்.

அன்று சாயங்காலம் பக்கம் திரும்பி வந்தது. மேலே 'கர்ணனின் மனைவி' என்று பொதுத் தலைப்பு. வியாசர்: பெயர் சொல்லப்படவில்லை. தமிழ்க் கூத்து: பொன்னுருவி. மராத்தி நாவல், 1967: விருஷாலி. தமிழ் சினிமா, 1964: சுபாங்கி. யார், எந்த ஊர், எந்த வருஷம். இப்படிப் போட்டால் சண்டைக்கு இடமே இல்லை. நான் படித்துவிட்டு, சுபாங்கியை மேலே தூக்கலாமே என்று சிபாரிசு செய்தேன். எடுபடவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. நாவலுக்கும் படத்துக்கும் ஆதாரம் கொடுத்துவிட்டாள். கூத்துப் பாடத்துக்கு என்ன ஆதாரம் காட்டுவது? புத்தகம், பக்க எண் என்று கட்டம் கேட்கிறது. 'பொன்னுருவி மசக்கை' என்று பெரிய எழுத்துப் புத்தகம் உண்டு. ஆனால் வாத்தியார் பாடம் அது இல்லை. வாய்மொழியை ஆதாரமாக எடுத்துக்கொள்ளலாமா என்று விக்கிப்பீடியாக்காரர்களே 2011ல் இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். பேசியதைப் பதிவு செய்து அதையே சான்றாக வைப்பது. பொது வழக்கமாக அது நிலைக்கவில்லை.

"உங்க வாத்தியார் எழுதிவெச்ச நோட்டு எதாவது இருக்கா தாத்தா?"

"இருந்துச்சு. பரண்ல கரையான் தின்னுடுச்சு."

"அப்ப எங்கிருந்து எடுத்ததுன்னு போடறது?"

அவர் யோசித்துவிட்டுத் தன் வாத்தியார் பெயரைச் சொன்னார். அவருக்குச் சொல்லிக்கொடுத்தவர் பெயரையும் சொன்னார். அதற்கு முன்னால் யார் என்று தெரியவில்லை. அக்கா மகள் இரண்டையும் கட்டத்தில் அடித்தாள். நான் சென்னைக்கு ரயில் ஏறுவதற்குள் வேறு யாரோ வந்து, அந்த வரிக்குப் பக்கத்தில் 'ஆதாரம் தேவை' என்று போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். இதுவரை அப்படியேதான் இருக்கிறது.